கண்மாய்க்கரைப் படங்களுக்கு ஒரு பதிவேடு

மதுரையைச் சுற்றிப் படம் எடுக்க ஆளுக்குப் பஞ்சமில்லை. வண்டியூர்க் கண்மாய்க்கரையில் காலை நடை போகிறவர்கள், சாமநத்தம் கண்மாயில் விடியுமுன்னே போய் நிற்கிற கல்லூரிப் பிள்ளைகள், நாகமலை அடிவாரத் தோட்டத்தில் மோட்டார் ரூம் மேல் உட்கார்ந்த ஆந்தையைச் செல்போனில் பிடித்த விவசாயி என்று பல கைகள். எங்கள் சின்ன இயற்கை ஆர்வலர் குழுவுக்கு இவர்கள் எல்லாரும் படம் அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். ஒரு ஹார்டு டிஸ்க் நிறைந்து இரண்டாவது வாங்கும் நிலை வந்தது.

2024 கடைசியில் மேலூர்ப் பக்கம் டங்ஸ்டன் சுரங்கப் பேச்சு எழுந்து ஊர் ஊராக மக்கள் கூடியபோது, "அரிட்டாபட்டிப் பாறையில் வல்லூறு எந்தெந்த மாதம் இருக்கு, ஆதாரத்தோட சொல்ல முடியுமா?" என்று எங்களைக் கேட்டார்கள். அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த 193.42 ஹெக்டேர், 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம். லகர் வல்லூறும் ஷாஹீன் வல்லூறும் பொனெல்லிக் கழுகும் அங்கே உண்டென்பது அரசு அறிவிப்பு வந்த நாளிலேயே செய்தியில் வந்துவிட்டது. எங்களிடம் படங்களும் இருந்தன. ஆனால் அவற்றில் பலவற்றுக்கு எந்தத் தேதி, எந்தப் பாறை என்பது எடுத்தவர் நினைவில் மட்டுமே இருந்தது. சுரங்க ஏலம் 2025 ஜனவரியில் ரத்தானது. அடுத்த முறை இப்படி ஒரு கேள்வி வரும்போது பதில் கையில் இருக்க வேண்டும் என்று படக் குவியலைப் பிரித்துப் பதிவேடாக்க உட்கார்ந்தோம். அந்த வேலையில் என்னென்ன பார்த்தோம், எதை எப்படிச் சரிசெய்தோம் என்பதை இதே வேலையில் இறங்குகிற மற்ற ஊர்க்காரர்களுக்காக எழுதுகிறேன்.

முதல் முடிவு, வந்ததை வந்தபடியே வைப்பது. அனுப்பியவர் எழுதிய ஊர்ப் பெயர், அவர் சொன்ன பறவைப் பெயர், அவர் போட்ட தேதி, கேமரா கொடுத்த ஃபைல் பெயர் இவை எல்லாம் தனிக் கட்டங்களில் போய் உட்கார்ந்துவிடும். அந்தக் கட்டங்கள் பூட்டப்பட்டவை. எழுத்துப்பிழைகூடத் திருத்தக் கூடாது. நாம் புரிந்துகொண்டது, திருத்தியது, சரிபார்த்தது எல்லாம் பக்கத்துக் கட்டத்தில் வரும். கூடவே யார் திருத்தினார், எதை வைத்துத் திருத்தினார் என்று ஒரு வரி. இது இரட்டை வேலைபோலத் தெரியும். பின்னால் வந்த சிக்கல் ஒவ்வொன்றையும் அவிழ்க்க இந்தப் பூட்டிய கட்டம்தான் கைகொடுத்தது. ஒருவர் "சாமணத்தம்" என்று எழுதியதை நாம் நல்லெண்ணத்தில் "சாமநத்தம்" என்று மாற்றிவிட்டுப் பழையதை அழித்துவிட்டால், அவர் வேறு ஊரைச் சொன்னாரா என்று திரும்பிப் பார்க்க வழியே இல்லை.

இரண்டாவது முடிவு, படத்தையும் பதிவையும் பிரிப்பது. பொதுவாக ஒரு படத்துக்கு ஒரு வரி என்று ஷீட் போடுவார்கள். ஒரே படத்தில் பாம்புத்தாராவும் நீர்க்காகமும் ஒரே பட்டமரத்தில் சிறகு விரித்து உட்கார்ந்திருந்தால் அந்த ஒரு வரியில் எந்தப் பெயரை எழுதுவது? ஒரே பறவையை ஐந்து கோணத்தில் எடுத்திருந்தால், ஐந்து வரி போட்டு ஐந்து பறவை என்று கணக்குக் காட்டுவதா? அதனால் படங்களுக்கு ஓர் அட்டவணை, பார்வைகளுக்கு ஓர் அட்டவணை. ஓர் இடத்தில், ஒரு நேரத்தில், ஒருவர் பார்த்த ஓர் உயிரினம் என்பது ஒரு பார்வை. அதற்கு எத்தனை படம் வேண்டுமானாலும் இணையலாம், ஒரு படம் எத்தனை பார்வையில் வேண்டுமானாலும் வரலாம். கூகுள் ஷீட்டில் தொடங்கி, பிறகு எஸ்க்யூலைட் என்ற தரவுத்தள மென்பொருளுக்கு மாற்றினோம். இந்தப் பிரிவினை முதலிலேயே இருந்ததால் மாற்றம் சிரமமாக இல்லை.

ஃபைலுக்குப் பறவைப் பெயர் வைக்கவில்லை. அடையாளம் நாளைக்கு மாறும். பெயர் மாறினால் ஃபைல் பெயரையும் மாற்ற வேண்டும், இணைப்பெல்லாம் அறுந்துபோகும். கேமரா வைக்கும் பெயரையும் நம்ப முடியாது. எண் 9999 தொட்டதும் மறுபடி 0001-க்கு வந்துவிடும்; இரண்டு பேருடைய நிக்கான் கேமராவிலும் ஒரே எண்ணில் படம் இருக்கும். எனவே எல்லாப் படத்துக்கும் "மது" என்று தொடங்கும் தொடர் எண். முன்னால் எழுத்து போடுவதற்குக் காரணம் உண்டு: வெறும் 00417 என்று போட்டால் எக்செல் அதை 417 ஆக்கிவிடும்.

தேதி

நிறையப் படங்கள் வாட்ஸாப்பில் வந்தவை. வாட்ஸாப்பில் படமாக அனுப்பினால் அளவு சுருங்குவதோடு, கேமரா படத்துக்குள் எழுதிவைத்த தேதி, லொகேஷன், லென்ஸ் விவரம் எல்லாம் கழன்றுவிடும். அதே படத்தை "டாக்குமென்ட்" என்று இணைத்து அனுப்பினால் அப்படியே வரும். இந்த ஒன்றை எல்லாருக்கும் ஆடியோ மெசேஜாகச் சொல்லி அனுப்பியதில் பாதித் தலைவலி தீர்ந்தது. எழுதி அனுப்பியதைவிடப் பேசி அனுப்பியதைத்தான் கேட்டார்கள்.

அடுத்தது ஷீட்டில் தேதி எழுதும் முறை. சூறைக்குருவி என்றும் சோளப்பட்சி என்றும் சொல்கிற பறவை நமக்குக் குளிர்கால விருந்தாளி. ஆகஸ்ட் வாக்கில் வரத் தொடங்கி ஏப்ரலுக்குள் கிளம்பிவிடும். மே, ஜூனில் அது மத்திய ஆசியாவில் கூடு கட்டிக்கொண்டிருக்கும். எங்கள் ஷீட்டில் ஒரு பெரிய சூறைக்குருவிக் கூட்டம் 2024 ஜூன் 1 என்று நின்றது. பூட்டிய கட்டத்தைத் திறந்து பார்த்தால் அனுப்பியவர் எழுதியது 06/01/2024. அவர் சொன்னது ஜனவரி 6. ஷீட்டின் லொகேல், அதாவது எந்த நாட்டு வழக்கம் என்ற அமைப்பு, அமெரிக்கா என்று இருந்ததால் அது மாதத்தை முன்னால் எடுத்துக்கொண்டது. இதில் மோசமான பகுதி என்னவென்றால், 25/01/2024 என்று எழுதினால் ஷீட்டுக்கு 25-ஆவது மாதம் கிடையாது. அதனால் அதைத் தேதியாக ஏற்காமல் வெறும் எழுத்தாக விட்டுவிடும். ஆக ஒரே பத்தியில் பன்னிரண்டாம் தேதி வரை உள்ளவை மாறிப்போயிருக்கும், அதற்கு மேல் உள்ளவை சரியாக இருக்கும். பார்த்துக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஷீட் தேதியாக ஏற்றது வலப்பக்கம் ஒட்டி நிற்கும். எழுத்தாக விட்டது இடப்பக்கம் ஒட்டும். பத்தியை ஒரு முறை மேலிருந்து கீழே ஓட்டிப் பார்த்தால் இரண்டும் கலந்து நிற்பது தெரிந்துவிடும். இப்போது எங்கள் ஃபார்மில் நாள், மாதம், ஆண்டு மூன்றும் தனித்தனி. மாதம் எண்ணாக இல்லாமல் பெயராகத் தேர்ந்தெடுக்கும் பட்டியல். உள்ளே சேமிப்பது 2024-01-06 என்ற வடிவில்.

கேமராக் கடிகாரம் தனிக் கதை. பேட்டரியை நாள்கணக்கில் கழற்றி வைத்திருந்தால் பல கேமராக்களில் கடிகாரம் தொடக்கத் தேதிக்குப் போய்விடும். குழுவில் மூத்த அண்ணன் ஒருவர் ஒரு மெமரி கார்டு முழுக்கக் கொடுத்தார். அருமையான படங்கள், அழகர்மலையில் எடுத்த, எளிதில் யாரும் கவனிக்காத சின்னப் பூச்சிபிடிப்பான்கள், கழுத்தில் ஒவ்வொரு இறகும் தெரியும்படி. எல்லாப் படத்திலும் ஆண்டு 2017 என்று இருந்தது. அந்தக் கேமராவையே அவர் அதற்குப் பிறகுதான் வாங்கினார்.

கார்டை வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனதில் நடுவில் சித்திரைத் திருவிழாப் படங்கள் வந்தன. கள்ளழகர் தங்கக் குதிரையில் ஆற்றில் இறங்கும் படம். எந்த ஆண்டு என்று அவருக்கு நினைவிருந்தது, 2024. அந்த ஆண்டு அழகர் ஆற்றில் இறங்கியது ஏப்ரல் 23 விடியற்காலை ஆறு மணியை ஒட்டி. கேமரா சொல்லும் நேரத்துக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்து, எக்ஸிஃப்டூல் என்ற மென்பொருளில் கார்டில் உள்ள எல்லாப் படத்தின் நேரத்தையும் அவ்வளவு நகர்த்தினால் போதும். ஆனால் நகர்த்துமுன் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். இடையில் கடிகாரம் மறுபடி விழுந்திருக்கிறதா? ஃபைல் எண் முன்னால் போகும்போது தேதி பின்னால் போனால் விழுந்திருக்கிறது என்று அர்த்தம். இந்தக் கார்டில் அப்படி இல்லை. இரண்டாவது, வேறு ஒரு படத்தை வைத்துச் சரிபார்ப்பது. கார்டின் கடைசிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துச் சுதந்திர தினக் கொடியேற்றம் இருந்தது. நகர்த்திய கணக்கில் அது ஆகஸ்ட் 15 காலையில் போய் விழுந்தது. அந்த நிம்மதியை எழுத்தில் சொல்ல முடியாது. ஒரு கார்டு நிறையப் பறவைகளுக்கு நாள் கிடைத்துவிட்டது.

அப்படித் திருத்தியதை மூலப் படத்தில் எழுதவில்லை, நகலில்தான். பதிவில் "தேதித் துல்லியம்: நாள்" என்றும், "அழகர் ஆற்றில் இறங்கிய படத்தை வைத்துக் கணக்கிட்டது" என்றும் ஒரு வரி. மணி, நிமிடம் வரை சொல்ல அந்தச் சான்று போதாது. இப்போது எல்லாரிடமும் சொல்வது, களத்துக்குப் போனதும் முதல் படமாகச் செல்போன் கடிகாரத்தை ஒரு க்ளிக் எடுத்துவிடுங்கள் என்பதுதான்.

இடம்

எங்கள் குழுவில் பதிவேற்றம் பார்க்கிறவள் ஒரு கல்லூரி மாணவி. அவள் போனில் ஒரு பெரியவரிடம் பேசியதைப் பக்கத்தில் இருந்து கேட்டேன்.

"அய்யா, அந்த நத்தைகுத்தி நாரை எந்தக் கண்மாயில எடுத்தீங்க?"

"பெரிய கண்மாயிலதாம்மா."

"எந்த ஊருப் பெரிய கண்மாய்ங்கய்யா?"

"எங்க ஊருதாம்மா, வேற எது."

"சரிங்கய்யா. கலுங்குக்கு எந்தப் பக்கம் நின்னீங்க? வெயில் முதுகுல அடிச்சுச்சா, மூஞ்சியில அடிச்சுச்சா?"

"காலையிலம்மா. முதுகுல."

படத்தில் தண்ணீருக்கு அப்பால் பனைமரங்கள் தெரிந்தன. காலை வெயில் முதுகில் என்றால் அவர் கிழக்குக் கரையில் நின்று மேற்கே பார்த்திருக்கிறார். வரைபடத்தில் அந்தக் கண்மாயின் மேற்குக் கரையில் பனை வரிசை இருக்கிறது. இடம் கிடைத்துவிட்டது. இப்படிக் கேட்கத் தெரிந்த ஒரு பிள்ளை இருந்தால் எந்த மென்பொருளும் தர முடியாத விவரம் கிடைக்கும். அவள் கேட்கிற முறையையே எழுதிவைத்து மற்றவர்களுக்கும் கொடுத்திருக்கிறோம். கரை, மடை, கலுங்கு, கோவில், வெயில் திசை, எந்த வழியாகப் போனீர்கள். ஊர்ப் பெயரைக் கடைசியாகக் கேட்பாள்.

ஊர்ப் பெயரோடு தாலுகா இல்லாமல் ஏற்பதில்லை. மீனாட்சிபுரம் என்று ஒரு ஊரா இருக்கிறது? புதுப்பட்டி என்றால் எத்தனை புதுப்பட்டி! அழகர்கோவில், அழகர்கோயில் என்று இரண்டு விதம். அரிட்டாபட்டி, அரிட்டாப்பட்டி என்று இரண்டு. இவற்றை ஒன்றாக்க ஓபன்ரிஃபைன் என்ற மென்பொருள் நன்றாக உதவுகிறது. ஒத்த பெயர்களைக் கூட்டம் கூட்டமாகக் காட்டும். எது எதோடு சேரும் என்று நாம் முடிவெடுக்கலாம். தமிழில் கூடுதலாக ஒரு தொல்லை உண்டு. "கொ" என்பதை ஒரே குறியாகவும் தட்டலாம், ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாகவும் தட்டலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு. "ஔ" எழுத்துக்குப் பதில் "ஒ", "ள" இரண்டையும் சேர்த்து அடிப்பவர்களும் உண்டு. பழைய டிடிபி சென்டரில் அடித்த பட்டியல்கள் பாமினி எழுத்துருவில் வந்தன. அவற்றை முதலில் யூனிகோடுக்கு மாற்ற வேண்டியிருந்தது. "கொக்கு" என்று தேடினால் பாதிக் கொக்குதான் வருகிறது என்றால் காரணம் இங்கேதான். யூனிகோடு ஒருமைப்படுத்தல் ஒரு முறை ஓட்டினால் கொம்பு, கால் பிரச்சினை போய்விடும். ஔகாரப் பிரச்சினை போகாது. அதைத் தனியாகத் தேடித் திருத்த வேண்டும்.

அட்சரேகை, தீர்க்கரேகை எண்களில் மூன்று வகைப் பிழை திரும்பத் திரும்ப வந்தது. மதுரை சுமார் 9.92 வடக்கு, 78.12 கிழக்கு. இரண்டையும் இடம் மாற்றி எழுதினால் நம் கண்மாய்க் கொக்கு ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு மேற்கே ஆர்க்டிக் கடலில் போய் நிற்கும். இது உடனே கண்ணில் படும்; பயமில்லை. எண்ணே இல்லாமல் பூஜ்யம், பூஜ்யம் என்று வந்தால் ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கினி வளைகுடாவில் விழும், அதுவும் தெரிந்துவிடும். மூன்றாவதுதான் ஆபத்து. 9 பாகை 55 நிமிடம் என்பதை 9.55 என்று எழுதிவிடுவது. 55 நிமிடம் என்றால் தசமத்தில் 0.917. எனவே உண்மையான இடத்துக்கும் எழுதிய இடத்துக்கும் வடக்கு தெற்காகச் சுமார் 40 கிலோமீட்டர் வித்தியாசம். மதுரைப் பறவை அருப்புக்கோட்டைப் பக்கம் போய் விழும். அங்கேயும் கண்மாய் இருக்கிறது, அங்கேயும் அதே பறவை இருக்கும். யாருக்கும் சந்தேகம் வராது. இதைப் பிடிக்க ஒரு சின்ன உத்தி. நிமிடம் 59-ஐத் தாண்டாது. ஒருவர் அனுப்பிய எல்லா எண்ணிலும் புள்ளிக்குப் பின் முதல் இரண்டு இலக்கம் 60-க்குக் கீழேயே இருந்தால் அவர் நிமிடத்தை எழுதுகிறார் என்று கூப்பிட்டுக் கேட்டுவிட வேண்டும்.

செல்போன் தானே போடும் லொகேஷனும் எப்போதும் சரி கிடையாது. ஒத்தக்கடையில் பஸ் ஏறி அரிட்டாபட்டி விலக்கில் இறங்கி நடந்து போய் எடுத்த முதல் சில படங்களில் ஒத்தக்கடை என்றே லொகேஷன் வந்ததைப் பார்த்தோம். ஜிபிஎஸ் புதிதாகச் செயற்கைக்கோளைப் பிடிக்குமுன் க்ளிக் செய்தால் பழைய இடத்தையே போன் எழுதிவிடுகிறது. தொடர்ந்து வரும் படங்களில் திடீரென்று பல கிலோமீட்டர் தாவினால் அது போனின் தாவல்.

எண்ணுக்குப் பக்கத்தில் "எத்தனை மீட்டர் முன்பின்" என்று ஒரு கட்டம் கட்டாயம். தசமத்துக்குப் பின் நான்கு இலக்கம் என்றால் சுமார் 11 மீட்டர், இரண்டு இலக்கம் என்றால் ஒரு கிலோமீட்டருக்கு மேல். கண்மாய்ப் பெயர் மட்டும் தெரியும் என்றால் கண்மாயின் நடுப்புள்ளியை எடுத்து, அங்கிருந்து கரையின் கடைசி மூலை வரை உள்ள தூரத்தை முன்பின் அளவாகப் போடுகிறோம். பொய்யான துல்லியத்தைவிட இது எவ்வளவோ மேல்.

பெயர்

செடி, மரப் படங்களில் அதிகம் திணறியது வேலமரங்களில். அனுப்புகிறவர்கள் "கருவேலம்" என்று எழுதிவிடுவார்கள். நாட்டுக் கருவேலமா, சீமைக்கருவேலமா என்று படத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். பூவோ காயோ இருந்தால் சந்தேகமே இல்லை. நாட்டுக் கருவேலத்துக்கு மஞ்சள் பந்து பந்தாகப் பூ. காய் ஒவ்வொரு விதைக்கும் இடையில் இறுகி மணிமாலைபோல் தொங்கும். சீமைக்கருவேலத்துக்குப் பூ விரல்நீளக் கதிராக இருக்கும். காய் இறுக்கமில்லாமல் நீண்டு பழுத்தால் மஞ்சளாகும். வெள்வேலுக்குப் பட்டையே வெளிறியிருக்கும், பூ வெண்மஞ்சள் உருண்டை. குடைவேலை உச்சியைப் பார்த்தே சொல்லலாம். ஆனால் வெறும் இலையும் முள்ளும் உள்ள படம் என்றால் "வேல இனம், உறுதியில்லை" என்று நிறுத்துகிறோம். அப்படி நிறுத்துவதும் ஒரு பதிவுதான். ஃபார்மில் மரத்துக்கு நான்கு படம் கேட்கிறோம்: முழு மரம், பட்டை, இலை, பூ அல்லது காய்.

வண்ணத்துப்பூச்சியில் ஓர் அருமையான பாடம் கிடைத்தது. வெந்தய வரியன் என்று குவிந்திருந்த படங்களை ஒரு பூச்சி ஆர்வலர் மாலை முழுக்க உட்கார்ந்து பார்த்தார். ஆரஞ்சு நிறம், கறுப்பு ஓரம், முன்சிறகு நுனியில் வெள்ளைப் புள்ளிகள் எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன. அவர் பின்சிறகை மட்டும் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே வந்தார். வெந்தய வரியனுக்குப் பின்சிறகின் நடுவைச் சுற்றி மூன்று நான்கு கறுப்புப் புள்ளி இருக்கும். ஒரு படத்தில் மேல்விளிம்பில் ஒரே ஒரு புள்ளி. அது டனாய்டு எக்ஃபிளை என்ற வேறு வண்ணத்துப்பூச்சியின் பெண். வெந்தய வரியனின் புழு எருக்கு வகைச் செடிகளைத் தின்று நஞ்சைச் சேர்த்துக்கொள்வதால் பறவைகள் அதைத் தொடுவதில்லை. அந்தப் பாதுகாப்புக்காகவே இந்தப் பெண் பூச்சி அதன் உருவத்தில் திரிகிறது. பறவையையே ஏமாற்றும் வேஷம் பதிவேற்றுகிறவர்களை ஏமாற்றாதா? அதிலிருந்து வெந்தய வரியன் பதிவு எதற்கும் பின்சிறகு தெரியாமல் "சரிபார்த்தது" என்ற முத்திரை போடுவதில்லை. எங்கள் முத்திரைக்கு விதி எளிது: அனுப்பியவரைத் தவிர இரண்டு பேர் தனித்தனியாக ஒரே பெயர் சொல்ல வேண்டும்; ஒருவர் சொன்னதை மற்றவர் பார்க்குமுன்.

அறிவியல் பெயர்களும் நிற்பதில்லை. நாட்டுக் கருவேலம் அக்கேசியாவிலிருந்து வச்செல்லியாவுக்குப் போனது. சீமைக்கருவேலம் புரோசோபிஸிலிருந்து நெல்ட்டுமாவுக்கு. வைரிப் பறவையை 2024-இல் அக்சிபிட்டரிலிருந்து டாக்கிஸ்பைசாவுக்கு மாற்றியிருக்கிறார்கள். பதிவு ஒவ்வொன்றிலும் பெயரைத் தட்டியிருந்தால் ஒவ்வொன்றையும் திருத்த வேண்டும். நாங்கள் உயிரினங்களுக்குத் தனி அட்டவணை வைத்து அதன் எண்ணை மட்டும் பதிவில் இணைத்திருக்கிறோம். அங்கே ஒரு வரி மாற்றினால் எல்லாப் பதிவும் மாறும். பழைய பெயரும் தேடினால் கிடைக்கும். ஊரில் வழங்கும் பெயர்களும் அந்த அட்டவணையிலேயே: செம்போத்து என்று தேடினாலும் செம்பகம் என்று தேடினாலும் ஒரே பறவை வரும்.

மறைக்க வேண்டியவை

இந்தப் பகுதியை யாரும் அவசரமாகத் தாண்டிப் போகக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன். தேவாங்கு, எறும்புதின்னி, நட்சத்திர ஆமை, வல்லூறுக் கூடு இவற்றின் சரியான இடம் பொதுவெளியில் போனால், பிடிக்க வருகிறவனுக்கு வழி சொல்லிக்கொடுத்த மாதிரி. ஐநேச்சுரலிஸ்ட் போன்ற பெரிய உயிரினப் பதிவுத் தளங்களே ஆபத்தில் உள்ள இனங்களுக்குச் சரியான புள்ளியைக் காட்டாமல் 0.2 பாகைக் கட்டத்துக்குள் எங்கோ என்று மறைத்துவிடும். பக்கத்துக்குச் சுமார் 22 கிலோமீட்டர் கட்டம் அது. நாங்களும் அதே அளவை எடுத்துக்கொண்டோம்.

எண்ணை மறைத்துவிட்டால் போதும் என்று நினைப்பது தவறு. படத்தின் உள்ளேயே ஜிபிஎஸ் எழுதியிருக்கும். பொதுவில் வைக்கும் நகலில் அதைத் துடைக்க வேண்டும். அனுப்பியவர் குறிப்பில் "கோவிலுக்கு மேற்கே இரண்டாவது பாறை" என்று எழுதியிருப்பார். அந்தக் குறிப்பு உள்ளே மட்டும். பின்னணியில் ஊரே அடையாளம் கண்டுகொள்ளும் பாறை தெரிந்தால் படத்தை வெட்டித்தான் போடுகிறோம். அதே ஆள் அதே காலையில் பத்து நிமிடம் முன்னால் எடுத்த மைனா படத்தில் சரியான இடம் இருந்தால், தேவாங்கு இடமும் அதிலேயே தெரிந்துவிடும். எனவே மறைக்க வேண்டிய இனம் ஒன்று வந்தால் அந்தக் காலை நேரத்துப் பதிவுகள் எல்லாமே மறைகின்றன. வனத்துறையோ ஆய்வாளரோ கேட்டால் எழுத்தில் வாங்கிக்கொண்டு முழு விவரம் தருகிறோம். வல்லூறு மாதக் கேள்விக்கும் இப்படித்தான் பதில் சொல்ல முடிகிறது: மாதமும் ஊரும் எல்லாருக்கும், பாறை கேட்க உரிமை உள்ளவருக்கு மட்டும். தேதி உறுதியான பதிவுகள் தனியாக, உறுதியில்லாதவை தனியாக.

உரிமை

ஃபார்வேர்டு படங்கள் ஓயாமல் வந்தன. ஒரே புலிப் படத்தை மூன்று பேர் மூன்று ஊர்ப் பெயரில் அனுப்பியிருந்தார்கள். ஃபைலின் ஹேஷ் எண்ணை, அதாவது ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்டு வரும் அடையாள எண்ணை, ஒப்பிட்டால் அச்சு அசலான நகல் மட்டுமே மாட்டும். வாட்ஸாப் ஒரு முறை சுருக்கிவிட்டால் ஹேஷ் மாறிவிடும். அதற்குத் தோற்ற ஹேஷ் என்று ஒன்று இருக்கிறது. படத்தை ஒன்பதுக்கு எட்டுக் கட்டமாகக் கறுப்பு வெள்ளையில் சுருக்கி, பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் எது வெளிச்சம் என்று பார்த்து 64 ஆம்-இல்லையாக எழுதிக்கொள்ளும். இரண்டு படத்துக்கு அவற்றில் மிகச் சிலவே மாறியிருந்தால் ஒரே படமாக இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொல்ல முடியும். அடுத்தடுத்து க்ளிக் செய்த படங்களும் அப்படியே மாட்டும். கடைசி முடிவு மனிதக் கண்ணுக்கு.

எடுத்தவரே அனுப்பினாலும், எந்த உரிமத்தில் வெளியிடலாம் என்று அவர் தேர்ந்தெடுக்காமல் படம் பொதுவில் போகாது. வணிகப் பயன்பாடு கூடாது என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தைப் பலர் விரும்புகிறார்கள். அது அவர்கள் விருப்பம். ஆனால் அந்த உரிமத்தில் உள்ள படம் விக்கிமீடியா பொதுவகத்துக்குப் போக முடியாது, எனவே தமிழ் விக்கிப்பீடியாக் கட்டுரைக்கும் கிடைக்காது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். தெரிந்து தேர்ந்தெடுக்கட்டும்.

வெளியே அனுப்பும்போது பத்திகளுக்கு டார்வின் கோர் பெயர்களையே வைக்கிறோம். உலகம் முழுக்க உயிரினப் பதிவுகளைப் பரிமாற இந்த அமைப்பைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஜிபிஐஎஃப் என்ற உலக உயிரினத் தரவுத் தளத்துக்கு அனுப்பவும் இதுவே வழி. சிஎஸ்வி ஃபைலை எக்செல்லில் இரட்டை க்ளிக் செய்து திறந்தால் தமிழ் எழுத்து உடைந்து தெரியும். "டேட்டா" மெனுவில் போய் யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்து இறக்க வேண்டும். திறந்து பார்த்துவிட்டுச் சேமித்தால் 9.9200 என்பது 9.92 ஆகித் துல்லியம் போய்விடும் என்பதால், எக்செல்லில் பார்க்கலாம், சேமிக்கக் கூடாது என்று விதி.

இப்போது மேஜையில் இருப்பது ஃபிலிம் காலத்துப் படங்கள். இயற்கையில் மிகுந்த ஈடுபாடு கொண்டிருந்து காலமான ஓர் ஆசிரியர், தல்லாகுளத்திலிருந்து சைக்கிளிலேயே கண்மாய் கண்மாயாகப் போய் எடுத்தவை. வீட்டார் நெகட்டிவ் உறைகளைப் பெட்டியோடு கொடுத்தார்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை எடுத்தவர் ஆயுளுக்குப் பின்னும் 60 ஆண்டு நீடிக்கும் என்பதால் வாரிசுகள் எல்லாரிடமும் கையெழுத்து வாங்குவது முதல் வேலை. உறைகளில் ஸ்டூடியோக்காரர் எழுதிய பில் தேதி இருக்கிறது. அது ஃபிலிம் கழுவிய நாள், எடுத்த நாள் கிடையாது. எனவே "இந்தத் தேதிக்கு முன்" என்று தனி வகை ஒன்றைத் தேதிக் கட்டத்தில் சேர்த்திருக்கிறோம். ஸ்கேன் பண்ணும்போது உறையின் இரண்டு பக்கத்தையும் சேர்த்தே ஸ்கேன் பண்ணுகிறோம். பின்பக்கம் பென்சிலில் கண்மாய்ப் பெயர் இருக்கிறது.